கிரவுண்டிங் பெட்ஷீட்: சிங்கப்பூர் வீட்டில் அது நீண்டநாள் உழைக்க என்ன செய்ய வேண்டும்

கிரவுண்டிங் பெட்ஷீட் என்பது மின்சாரம் கடத்தும் இழை சேர்த்து நெய்த விரிப்பு. ஒரு வயர் அதைச் சுவர் பிளக்கின் எர்த்தோடு, அதாவது பூமிக்குப் போகும் இணைப்போடு, சேர்க்கும். படுப்பவர் உடம்பையும் பூமியோடு இணைப்பதுதான் நோக்கம். இதை வாங்கியவர்கள் சில மாதம் கழித்து என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "துணி கறுத்துப்போச்சு, இது இன்னும் வேலை செய்யுதா இல்லையா?" பெட்டிக்குள் வரும் தாளில் நாலு வரி இருக்கும், அதுவும் வியர்வையே தெரியாத குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதியது. நம் வீட்டில் தலைக்கு எண்ணெய் வைப்போம், தூங்கப் போகும்போது தைலம் தேய்ப்போம், மின்விசிறி மட்டும் போட்டுப் படுப்போம். இதையெல்லாம் அந்தத் தாள் சொல்லாது. விற்பவரிடம் கேட்டு, எலக்ட்ரீஷியனிடம் கேட்டு, மீட்டர் வைத்து அளந்து ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன், புதிதாக வாங்குபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

முதலில் ஒன்று. இந்த ஷீட்டில் படுத்தால் தூக்கம் நன்றாக வருகிறது, வலி குறைகிறது என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் அவை சிலரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வுகள். இதை நம்பி எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், உடம்பில் வேறு மின்கருவி பொருத்தியிருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே வாங்குங்கள்.

1. வாங்கும்முன்: துணியில் என்ன இழை, வயரில் என்ன இருக்கிறது

சந்தையில் மூன்று வகை கிடைக்கிறது. பருத்தியோடு வெள்ளிப் பூச்சுள்ள நைலான் இழையைச் சேர்த்து நெய்தது ஒன்று. துருப்பிடிக்காத எஃகு இழை சேர்த்தது இன்னொன்று. மூன்றாவது, கரி கலந்த தோல் போன்ற கறுப்பு மேட், இதைத் துவைக்க முடியாது, துடைக்கத்தான் முடியும். படுக்க இதமாக இருப்பது வெள்ளி, சீக்கிரம் கெடுவதும் அதுதான். எஃகு இழை கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், ஆனால் வியர்வையையும் சோப்பையும் நன்றாகத் தாங்கும். எண்ணெய், தைலம் விட முடியாது என்பவர்கள் எஃகு இழையையோ கரி மேட்டையோ வாங்குங்கள். இது என் உறுதியான கருத்து.

விலை, நான் பார்த்த வரையில், காலடிக்கு மட்டும் போடும் அரை ஷீட் 60 முதல் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), குயின் சைஸ் முழு ஷீட் 150 வெள்ளிக்கு மேல். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால், விற்பவர் இந்த ஊர் பொருள் சேவை வரிக்குப் பதிந்தவர் என்றால், அந்த வரி 9 விழுக்காடும் சேரும். 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2023 ஜனவரியிலிருந்து இந்த வரி உண்டு, அதனால் 150 வெள்ளி ஷீட் 163.50 ஆகிவிடும். அனுப்பும் செலவு தனி. முதல்முறை வாங்குபவர்கள் அரை ஷீட்டில் தொடங்குங்கள். பணம் மிச்சமாவது மட்டுமில்லை, தலையெண்ணெயும் முகக் கிரீமும் காலடிக்கு வராது என்பதால் அது கூடுதல் காலம் உழைக்கும்.

வயரைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அதற்குள் மின்தடை இருக்க வேண்டும், பெரும்பாலும் 100 கிலோ ஓம் அல்லது 1 மெகா ஓம் வைப்பார்கள். இது ஏன் முக்கியம் என்றால், சுவரில் எர்த் வயரில் ஏதோ கோளாறாகி 230 வோல்ட் ஏறிவிட்டாலும், 100 கிலோ ஓம் நடுவில் இருந்தால் 2.3 மில்லிஆம்பியருக்கு மேல் உங்கள் உடம்புக்கு வர முடியாது. 1 மெகா ஓம் என்றால் அதிலும் பத்தில் ஒரு பங்கு. மின்தடை இல்லாத வெறும் வயரை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், வீட்டில் நீங்களே ஒரு வயரைச் சீவி மாட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

2. சுவர் பிளக்கைச் சரிபார்த்தல்

ஷீட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சுவரில் எர்த் இல்லாவிட்டால் அது வெறும் பெட்ஷீட்தான். நம் ஊர் மூன்று சதுர முனை பிளக்கில் மேலே இருக்கும் நீளமான முனைதான் எர்த். கிரவுண்டிங் வயரின் பிளக்கில் அந்த ஒரு முனை மட்டும் உலோகமாகவும் மற்ற இரண்டும் பிளாஸ்டிக்காகவும் இருக்க வேண்டும். வாங்கியதும் இதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

பலரும் விழும் பள்ளம் இதுதான்: அமெரிக்காவிலிருந்து வரவழைத்த ஷீட், அதற்கு அமெரிக்க பிளக், அதைப் பயண அடாப்டரில் செருகி மாதக்கணக்கில் படுப்பது. பல பயண அடாப்டர்களில் எர்த் இணைப்பே கிடையாது. மேலே நீளமான முனை இருக்கும், ஆனால் அது பிளாஸ்டிக், சுவரின் மூடியைத் திறக்க மட்டும் வைத்தது. சிங்கப்பூர் பிளக்கோடு வரும் வயரையே வாங்குங்கள். எக்ஸ்டென்ஷன் வேண்டும் என்றால் பாதுகாப்புக் குறி ஒட்டிய மூன்று முனை எக்ஸ்டென்ஷனாக இருக்கட்டும்.

அப்புறம், சுவர் சுவிட்ச். அது மின்சாரம் வரும் லைவ் வயரைத்தான் துண்டிக்கும், எர்த்தைத் துண்டிக்காது, எர்த் எப்போதும் இணைந்தே இருக்கும். அதனால் சுவிட்சை அணைத்து வைத்துக்கொண்டே ஷீட்டைப் பயன்படுத்தலாம், அப்படிச் செய்வதுதான் நல்லது. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு: இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். ஏப்ரல், மே, நவம்பரில் இங்கே இடிமழை எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நடுராத்திரி இடி கேட்டால் எழுந்து பிளக்கைக் கழற்றிவிட்டுப் படுங்கள்.

எர்த் இருக்கிறதா என்று பார்க்க மூன்று விளக்குள்ள சாக்கெட் டெஸ்டர் போதும், செருகினால் விளக்கு சொல்லிவிடும். மின்சாதனப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும், சிம் லிம் டவரில் நிச்சயம் கிடைக்கும், கூடவே மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள், அது பின்னால் ரொம்ப உதவும். இரண்டுக்கும் சேர்த்து 30, 40 வெள்ளிக்குள் முடித்துவிடலாம். ஆனால் டெஸ்டர் எர்த் இருக்கிறது, இல்லை என்றுதான் சொல்லும், எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று சொல்லாது. வீட்டு மின்பெட்டியில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. (RCCB) கருவியின் டெஸ்ட் பொத்தானும் அந்தக் கருவியைத்தான் சோதிக்கிறது, எர்த்தை இல்லை.

டெஸ்டர் கோளாறு காட்டினால் நீங்களாக சாக்கெட்டைத் திறக்காதீர்கள். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும், உரிமம் இருக்கிறதா என்று ஆணையத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். வந்து பார்க்கும் கட்டணத்தை முதலிலேயே கேளுங்கள். வாடகை வீடு, வாடகை அறை என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பழைய வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பாருங்கள், 2025 ஜூலை முதல் எல்லா வீட்டிலும் அது கட்டாயம்.

ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குழாய், ஏர்கான் பைப் இவற்றில் வயரைக் கட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பன்னிரண்டாம் மாடி ஜன்னல் கம்பிக்கும் பூமிக்கும் எந்த உறவும் இல்லை.

3. முதல் நாளே அளந்து எழுதி வைத்தல்

இதைத் தவிர்ப்பவர்கள்தான் பின்னால் "கெட்டுப்போச்சா இல்லையா" என்று தவிப்பார்கள். ஷீட்டைத் துவைப்பதற்கு முன், பிரித்த அன்றே செய்யுங்கள்.

வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி, ஒரு முனையை வயரின் பட்டனிலும் (ஷீட்டில் மாட்டும் உலோக முனை) இன்னொன்றைப் பிளக்கின் உலோக முனையிலும் வையுங்கள். 100 கிலோ ஓம் அல்லது 1 மெகா ஓமை ஒட்டி வர வேண்டும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் வயரில் மின்தடை இல்லை, திருப்பி அனுப்புங்கள். விலை குறைந்த மீட்டர்களில் இடது ஓரத்தில் 1 என்று மட்டும் நின்றால், ஒன்று நீங்கள் வைத்த அளவுகோல் சிறியது, அல்லது வயர் உள்ளே அறுந்திருக்கிறது. அளவுகோலை 2 மெகா ஓமுக்கு மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்து துணி. ஒரு முனையை ஷீட்டின் உலோகப் பட்டனில் கவ்வ வையுங்கள். இன்னொரு முனையை நேரடியாகத் துணியில் குத்தினால் இழையில் படும், படாது, அளவு குதிக்கும். அதனால் ஒரு நாணயத்தைத் துணிமேல் வைத்து, அதன்மேல் முனையை அழுத்துங்கள். தலைப்பக்கம், தோள்பட்டை படும் இடம், இடுப்பு, கால், பட்டனுக்கு எதிர் மூலை என்று ஐந்து இடங்கள். உலோக முனைகளை விரலால் தொடாதீர்கள், உங்கள் உடம்பும் கணக்கில் சேர்ந்துவிடும். புது வெள்ளித் துணியில் சில ஓம் முதல் சில நூறு ஓம் வரை வரும், கட்டம் கட்டமாக நெய்ததில் கூடுதலாக வரலாம். மீட்டரும் ஷீட்டும் சேர்ந்து தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதம் கேட்கப் போகும்போது இந்தப் போட்டோதான் உங்கள் சாட்சி.

ஒரு எச்சரிக்கை: ஷீட் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத் துணி தானாகவே மின்சாரத்தைக் கடத்தும், செத்துப்போன ஷீட்கூட ஈரத்தில் உயிரோடு இருப்பது மாதிரி காட்டும்.

முதல் சலவைக்குப் பிறகு ஒருமுறை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே ஐந்து இடங்களை அளந்து போனில் எழுதிக்கொள்ளுங்கள்.

4. படுக்கைக்கு எதைக் கொண்டுவரக் கூடாது

ஷீட்டின் ஆயுளை முடிவுசெய்வது சலவையைவிட இதுதான். வெள்ளிக் கொலுசு எப்படிக் கறுக்கிறதோ அதே காரணத்தால்தான் இந்த இழையும் கறுக்கிறது: வெள்ளிக்குக் கந்தகம் ஆகாது. வியர்வை உப்பும் சேர்ந்து அரிக்கும். எண்ணெய் வேறு விதம், அது வெள்ளியை அரிப்பதில்லை, இழைமேல் படலமாகப் படிந்து தோலுக்கும் வெள்ளிக்கும் நடுவே தடையாக நிற்கும்.

தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், கோடாலித் தைலம், மூட்டுவலி கிரீம், உடம்புக்குத் தேய்க்கும் லோஷன், வேர்க்குருவுக்குப் போடும் குளுகுளு பவுடர், எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். ரொம்ப மோசமானது கந்தகம் கலந்த சோப்பும் களிம்பும். சொறி சிரங்குக்கோ முகப்பருவுக்கோ அவற்றைப் போடுகிற நாள்களில் ஷீட்டைச் சுருட்டி வைத்துவிடுங்கள், சாதாரண விரிப்பில் படுங்கள்.

தைலம் இல்லாமல் தூக்கம் வராத அம்மா, மாமியார் வீட்டில் இருந்தால் அவர்களிடம் "விடுங்கள்" என்று சொல்லிப் பயனில்லை. தைலத்தைச் சாயங்காலமே தேய்த்து, படுக்கும்முன் வெந்நீரில் குளிக்கச் சொல்லலாம், அல்லது அவர்கள் பக்கம் ஷீட் போடாமல் விடலாம். தீபாவளி எண்ணெய்க் குளியல் அன்றைக்கு ஷீட்டை எடுத்துவிடுங்கள், என்னதான் சீயக்காய் போட்டாலும் தலையிலும் முதுகிலும் எண்ணெய் கொஞ்சம் நிற்கும், அந்த ஒரு ராத்திரியில் தோள்பட்டை இடத்தில் படியும் எண்ணெய் ஒரு சலவையில் போகாது.

மெத்தை லேடெக்ஸ் ரப்பராக இருந்தால் அதன்மேல் நேரடியாக விரிக்காதீர்கள். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள். நடுவே ஒரு பருத்தி விரிப்பு போட்டுவிடுங்கள்.

5. துவைப்பது, காயவைப்பது

வாரம் ஒருமுறை துவைத்தால் போதும். அதற்குமேல் துவைத்தால் இழை தேயும். ரொம்ப நாள் விட்டால் வியர்வை அரிக்கும். ஏர்கானில் தூங்குகிறவர்கள் பத்து நாள், இரண்டு வாரம்கூட விடலாம்.

தனியாகத் துவைக்க வேண்டும். பிரா கொக்கி, ஜீன்ஸ் ஜிப் இழுத்தால் வெள்ளி இழை அறுந்துவிடும், அறுந்த இழை அறுந்ததுதான். சலவைப் பையில் போட்டு, குளிர்ந்த தண்ணீரில் அல்லது 30, 40 டிகிரிக்குள், மென்மையான சுழற்சியில், மிதமான திரவ சோப்பு கொஞ்சமாக ஊற்றித் துவையுங்கள். சோப்பின் பின்பக்கத்தைப் படியுங்கள். வெளுக்கும் பொருள், கறை நீக்கும் ஆக்சிஜன் பவுடர் இருந்தால் அது வேண்டாம். குளோராக்ஸ் வகை ப்ளீச் ஒரே சலவையில் வெள்ளியைத் தின்றுவிடும். டௌனி மாதிரி மென்மையாக்கி ஊற்றினால் துணி வாசமாக இருக்கும், ஆனால் இழைமேல் மெல்லிய பூச்சு ஏறி மின்கடத்தல் குறையும். சலவை இயந்திரத்தின் சிறு அறையில் போன சலவையின் மென்மையாக்கி மிச்சம் இருக்கும், அதைக் கழுவிவிட்டு ஷீட்டைப் போடுங்கள். கூடுதலாக ஒருமுறை அலசுவது நல்லது.

வீட்டுப் பணிப்பெண் துவைப்பார் என்றால், செய்து காட்டிவிடுங்கள், சலவைப் பையில் ஒரு குறிப்பும் ஒட்டிவிடுங்கள். மஞ்சள் கறை பட்டால் யாருக்கும் கை ப்ளீச்சுக்குத்தான் போகும். கறை அப்படியே இருக்கட்டும், மின்சாரத்துக்கு மஞ்சள் ஒரு பொருட்டில்லை.

கறுப்பை எடுக்கிறேன் என்று புளி, விபூதி, பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள். வெள்ளிப் பாத்திரம் முக்கும் திரவமும் வேண்டாம், அதில் இருக்கும் அமிலம் மெல்லிய பூச்சைக் கரைத்துவிடும். பாத்திரத்தில் வெள்ளி கெட்டியாக இருக்கும், தேய்த்தால் தாங்கும். இழையில் இருப்பது நைலான்மேல் ஒரு படலம்தான்.

காயவைப்பது நிழலில். மூங்கில் கழியில் வெளியே போட்டால் மத்தியான வெயில் படாமல், மழை வருமுன் எடுத்துவிடுங்கள். நான் அறைக்குள் ஸ்டாண்டில் விரித்து மின்விசிறியைப் போட்டுவிடுவேன், ராத்திரிக்குள் காய்ந்துவிடும். சலவைக்கடை ட்ரையர் சூடு அதிகம், அதில் போடாதீர்கள். வீட்டு ட்ரையரில் குறைந்த சூடு என்றால், ஷீட்டின் லேபிள் அனுமதித்தால் மட்டும். இஸ்திரி வேண்டாம், டிரை கிளீனிங்கும் வேண்டாம்.

பட்டனைச் சுற்றியிருக்கும் இரண்டங்குலத் துணிதான் எல்லாவற்றுக்கும் வாசல். துவைத்ததும் அங்கே தண்ணீர் தேங்கும், பச்சையாகக் களிம்பு ஏறும். உலர்ந்த துணியால் துடைத்து, வயரை மாட்டும்முன் முழுசாகக் காயவிடுங்கள். வயரைப் பிடித்து இழுத்துக் கழற்றாமல் பட்டனைப் பிடித்துக் கழற்றுங்கள். அந்த இடம் கிழிந்தால் ஷீட்டில் மிச்சம் எல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை.

மாதம் ஒருமுறை தலைப்பக்கத்தைக் கால்பக்கமாகத் திருப்பிப் போடுங்கள், வயர் எட்டினால். ஊருக்குப் போகும்போது மடித்து வைக்க நேர்ந்தால் ரப்பர் பேண்ட் போடாதீர்கள், அதிலும் கந்தகம். காற்றுப்புகாத பையில் வையுங்கள். அலமாரியில் ஈரம் உறிஞ்சும் டப்பா வைத்திருந்தால் அதற்குக் கீழே வைக்க வேண்டாம், டப்பா ஒழுகினால் உப்புத் தண்ணீர் துணியில் இறங்கும்.

6. கெட்டுவிட்டதா என்று எப்படித் தெரியும்

நிறத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். நன்றாகக் கறுத்த ஷீட் ஒழுங்காகக் கடத்துவதும் உண்டு, புதுசு மாதிரி பளிச்சென்று இருப்பது ப்ளீச் பட்டுச் செத்திருப்பதும் உண்டு. மீட்டர்தான் சொல்ல வேண்டும்.

வயரிலேயே 100 கிலோ ஓம் இருக்கிறது. அதனால் துணியில் ஆயிரம், இரண்டாயிரம் ஓம் ஏறியதற்காகப் பதற வேண்டாம். பத்தாயிரத்தைத் தாண்டி ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனால் எண்ணெய்ப் படலமா என்று சந்தேகப்படுங்கள், மென்மையாக்கி இல்லாமல் இரண்டு முறை துவைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். இறங்கினால் படலம்தான், பிழைத்துவிட்டது. லட்சம் ஓமைத் தொட்டால், அல்லது மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால், அந்த இடத்தில் இழை போய்விட்டது. வழக்கமாகத் தோள்பட்டை இடமும் பட்டனைச் சுற்றியும்தான் முதலில் போகும்.

என் கணிப்பில், தினமும் படுத்து, ஒழுங்காகப் பராமரித்தால் வெள்ளி ஷீட் ஒன்றரை, இரண்டு வருடம் வரும். எண்ணெயும் மென்மையாக்கியும் பட்டால் எட்டு மாதத்திலேயே முடிந்துவிடலாம். 180 வெள்ளி ஷீட் 24 மாதம் உழைத்தால் மாதம் 7.50 வெள்ளி, எட்டு மாதம் என்றால் 22.50. புதுசு வாங்கும்போது பழைய வயர் நன்றாக இருந்தால் ஷீட்டை மட்டும் வாங்குங்கள், பட்டன் அளவு பொருந்துகிறதா என்று கேட்டுவிட்டு.

7. சீக்கிரமே கெட்டால்: பணத்தைத் திரும்பக் கேட்பது

வைத்திருக்க வேண்டியவை: ரசீது அல்லது ஆர்டர் உறுதிச் செய்தி, பொருள் வந்து சேர்ந்த தேதி, உத்தரவாத அட்டை, பராமரிப்பு லேபிளின் போட்டோ, முதல் நாள் அளந்த போட்டோக்கள், கெட்ட பிறகு அதே இடங்களில் அளந்த வீடியோ, விற்பவரோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடல். போனில் பேசினால் பேசியதைச் சுருக்கி ஒரு செய்தியாக அவருக்கே அனுப்பிவிடுங்கள், தேதியோடு நிற்கும்.

சிங்கப்பூர்க் கடையில் வாங்கியது என்றால் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டம், அதாவது குறையுள்ள பொருள் வாங்கியவர்களைக் காக்கும் சட்டம், உங்கள் பக்கம். பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது முதலிலேயே இருந்த குறை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்ட வேண்டியது விற்பவர். முதலில் சரிசெய்து தரவோ மாற்றித் தரவோ கேட்க வேண்டும், அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். ஆனால் ப்ளீச் போட்டதால், தேய்மானத்தால் கெட்டதற்கு இது உதவாது. அதனால்தான் ஐந்தாம் மாதம் முடிவதற்குள் ஒருமுறை கட்டாயம் அளந்துவிடுங்கள் என்கிறேன், ஆறு மாதம் தாண்டினால் குறை முதலிலேயே இருந்தது என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

விற்பவர் பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் (CASE) ஆலோசனை கேட்கலாம். அதற்கும் மேலே சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டியது 10 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை, இணையத்திலேயே பதியலாம், இரண்டு வருடத்துக்குள் பதிய வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் இதெல்லாம் காகிதத்தில்தான் நிற்கும். அங்கே உங்களுக்கு இருக்கும் பிடி இரண்டு: வாங்கிய தளத்தின் திருப்பியனுப்பும் காலக்கெடு, அப்புறம் கடன் அட்டை வங்கியிடம் தரும் புகார். இரண்டுக்குமே காலம் குறைவு, அதனால் பார்சல் வந்த அன்றே பிரித்து, வயரையும் துணியையும் அளந்து, சந்தேகம் இருந்தால் துவைக்காமலேயே திருப்பி அனுப்புங்கள். ஒருமுறை துவைத்துவிட்டால் பலர் திரும்ப வாங்க மாட்டார்கள்.